எடை உயர்வை எதிர்த்து ஒரு வேலைநிறுத்தம்

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை முக்கியம். வரிசை மாறினால் வரலாறு முதலாளிகள் கைக்குப் போய்விடும்.

முதல் அநீதி. சோப்புத் தொழிற்சாலையில் வாழ்நாளைக் கழித்தும் யாருக்கும் சோப்பு போடத் தெரியாத ஒரே ஆள் நான். அதற்காக நிர்வாகம் என்னை வாசனைப் பிரிவிலிருந்து காரம் காய்ச்சும் பிரிவுக்கு மாற்றியது. ரோஜா மணத்தில் வேலைக்குப் போனவன் கண்ணெரிச்சலோடு வீடு திரும்பினேன்.

இரண்டாவது அநீதி. பெரிய வேலைநிறுத்தம். பீப்பாய் மேல் ஏறி நின்று நான்தான் தொடங்கிவைத்தேன். மறுநாள் காலையிலேயே பொய் வழக்குப் போட்டு அள்ளிக்கொண்டு போனார்கள். தோழர்கள் ஆலைக் கேட்டில் நின்றார்கள். நான் உள்ளே கம்பி எண்ணினேன். வெற்றி ஊர்வலம் முடிந்த பிறகுதான் வெளியே விட்டார்கள். இந்தத் தியாகத்தை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வேன். அதனால்தானோ என்னவோ, சங்கத்தில் எனக்கு 'முழக்கம்' என்று பெயர்.

மூன்றாவது அநீதிக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. ஆலைக் கேட்டை நிர்வாகம் இழுத்து மூடியபோது உள்ளே குறுக்காக ஓர் இரும்புக் கம்பியைப் போட்டது. வென்ற அன்று தோழர்கள் அதை உருவியெடுத்து அதிலேயே கொடியைக் கட்டினார்கள். அன்று முதல் எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஒரே ஆள் அந்தக் கம்பியைத் தரையிலிருந்து தலைக்கு மேல் தூக்க வேண்டும். பிறகு மேடையில் உள்ள குழியில் நட வேண்டும். தலைவர் அவர் பெயரைச் சபையறிய உரக்க வாசிப்பார். ஒரு வருடத்துக்குக் கொடி அவர் கையில். அந்தப் பெயர் எப்போதும் என் பெயராகவே இருந்தது. போன வருடம் கம்பி மார்பு வரை வந்தது. அங்கே கொஞ்சம் யோசித்தது. பிறகு தலைவரின் கால் கட்டைவிரலில் போய் இறங்கியது.

என் இடத்தில் தூக்கியவர் யார் தெரியுமா? டைம்கீப்பர்! நாங்கள் தாமதமாக வந்தால் கேட்டிலேயே நின்று சிவப்பு மையால் குறித்த அதே டைம்கீப்பர். ஓய்வுபெற்ற பிறகு சங்கத்தில் சேர்ந்தவர். என் கொடியை அவர் தூக்கினார்!

நான்காவது அநீதி, என் மனைவி சிரித்தது. அதுவும் முன் வரிசையில் உட்கார்ந்து.

அன்று வீட்டுக்கு வந்ததும் பிரகடனம் செய்தேன்.

"அடுத்த கூட்டத்துல அந்தக் கம்பியை நான் ஒத்தக் கையால தூக்குவேன்."

"முதல்ல ரெண்டு கையால தூக்குங்க" என்றாள்.

"எடைப் பயிற்சி செய்யப்போறேன். முறையா. திட்டம் போட்டு."

"திட்டம் போடுறதுல உங்களை அடிச்சுக்க ஆளில்லீங்க. போடுங்க."

எங்கள் மாப்பிள்ளை ஜிம் மாஸ்டர். பழைய பார்பெல் ஒன்றும் இரும்புத் தட்டுகளும் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஓர் அட்டவணை. அதைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது.

"என்ன மாப்பிள்ளை இது? வாரா வாரம் எடையைக் கூட்டணும்னு போட்டிருக்கு?"

"ஆமா மாமா. கொஞ்சம் கொஞ்சமா கூட்டினாத்தான் பலம் ஏறும்."

"இதைத்தானே எங்க மேனேஜரும் சொன்னார்! வாரா வாரம் கொஞ்சம் கூடுதல் பெட்டினு! உற்பத்தி இலக்கை ஏத்துறதை எதிர்த்துத்தான் நான் ஜெயிலுக்கே போனேன்!"

"மாமா, இது உங்க உடம்பு."

"உடம்பும் உழைக்கிற வர்க்கம்தான்!"

மாப்பிள்ளை தன் மாமியாரைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே 'விடுங்க' என்றாள்.

ஆகவே நானே ஒரு திட்டம் வகுத்தேன். உழைப்பும் ஓய்வும் சம பங்கு. நடுவில் தேநீர் இடைவேளை. எடை உயர்வு என்றால் இரு தரப்புப் பேச்சுவார்த்தைக்குப் பிறகுதான். மிக முக்கியமான விதி: கருவிகளைப் பயிற்சி நடக்கும் இடத்துக்குக் கொண்டுவருவது பயிற்சி செய்கிறவரின் வேலை அல்ல. ஆலையில் இயந்திரம் ஓட்டுகிறவன் அச்சுப் பெட்டியைச் சுமக்க மாட்டான். அது உதவியாளர் வேலை. அவனவன் வேலையை அவனவன்தான் செய்ய வேண்டும். இதற்காக நான் துண்டறிக்கையே போட்டிருக்கிறேன்.

"உதவியாளர் யாருங்க?" என்று கேட்டாள்.

"இந்த வீட்டுல வேற யார் இருக்கா?"

"அது சரி."

பயிற்சி மொட்டை மாடியில். ஆனால் கருவிகளை அங்கே விட்டுவைக்க முடியாது. அடுத்த தெருவில்தான் டைம்கீப்பர் வீடு. அவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் இரகசியம் போச்சு. தலைமறைவு வேலை எனக்குப் பழக்கம். எனவே பார்பெல்லும் தட்டுகளும் படுக்கையறைப் பரணில், பழைய போர்வைக்குப் பின்னால். தினமும் காலையில் உதவியாளர் அவற்றைப் பரணிலிருந்து இறக்கி, படியேறி, மாடியில் வைக்க வேண்டும். முடிந்ததும் மறுபடி கீழே கொண்டுபோய்ப் பரணில் ஏற்ற வேண்டும்.

"பரண் என் தலைக்கு மேல இருக்குங்க."

"கையை நீட்டு. எட்டும்."

எட்டியது.

முதல் வாரம் அமோகமாகப் போயிற்று. மாப்பிள்ளை கொடுத்த மிகச் சிறிய தட்டுகளைத் தூக்கினேன், இறக்கினேன், தேநீர் குடித்தேன். இரண்டாவது வாரம் மாப்பிள்ளை அடுத்த ஜோடித் தட்டுகளோடு வந்து நின்றார். அன்றே நான் அடையாள வேலைநிறுத்தம் அறிவித்து மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி பார்பெல்லைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள்.

"யாரை எதிர்த்துங்க ஸ்ட்ரைக்?"

"திட்டத்தை."

"திட்டம் போட்டது?"

"நான்."

"அப்போ முதலாளியும் நீங்க, தொழிலாளியும் நீங்க. பேச்சுவார்த்தை யார் கூட நடத்துவீங்க?"

"அது உட்கட்சி விவகாரம். உனக்குப் புரியாது."

"இந்தப் புதுத் தட்டை என்ன பண்ணட்டும்? கீழேயே போட்டுடட்டுமா?"

யோசித்தேன். பேச்சுவார்த்தையில் திடீரென்று உடன்பாடு வந்துவிட்டால்? தட்டு கையருகில் இல்லாவிட்டால் நிர்வாகம், அதாவது நான், சாக்குச் சொல்லித் தப்பிவிடுவேன்.

"தினமும் மேலே கொண்டு வந்து வை. தொட மாட்டேன். ஆனா இருக்கட்டும்."

"சரிங்க."

அப்படியாக வாரந்தோறும் தட்டுகள் கூடின. வாரந்தோறும் நான் எதிர்த்தேன். கோஷங்களை மாற்றினேன். ஒரு வாரம் வெளிநடப்பு. மாடியிலிருந்து படிக்கட்டு வரை. ஒரு வாரம் மெதுவாக வேலை செய்யும் போராட்டம். ஒரு தடவை தூக்கி இறக்குவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. என் பார்பெல்லில் மட்டும் முதல் வாரத்து எடையே இருந்தது. ஒரு கிராம்கூட ஏற விடவில்லை. என் வாழ்க்கையிலேயே முழு வெற்றி பெற்ற போராட்டம் அது.

இதற்கிடையில் ஒன்றைக் கவனித்தேன். மாப்பிள்ளை வரும்போதெல்லாம் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டு அவளிடம் பேசினார்.

"அத்தை, முதுகை வளைக்காதீங்க. முட்டியை மடக்கி எடுங்க. ஆங், அப்படித்தான். மேலே தூக்குறப்ப மூச்சை விடுங்க."

உதவியாளருக்கு எதற்குப் பயிற்சி என்று முதலில் தோன்றியது. தொழிற் பாதுகாப்பு அவசியம்தான் என்று விட்டுவிட்டேன். தொழிலாளர் நலனில் நான் எப்போதுமே தாராளமானவன்.

கூட்டம் நெருங்கியது. ஒரு நாள் காலையில் என் தேநீர் இடைவேளையின்போது அவள் தட்டுகளின் மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"ஏங்க, கம்பியைத் தூக்குறவங்க பேரைத்தானே தலைவர் வாசிப்பாரு?"

"தூக்குறவர் பேரைத்தான். இது என்ன கேள்வி?"

"இல்ல, சும்மா. அந்த டைம்கீப்பர் ஸ்ட்ரைக் அப்போ எங்கே இருந்தாரு?"

"மாமியார் வீட்டுல! மஞ்சள் காமாலைனு சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்கிட்டான். ஸ்ட்ரைக் முடிஞ்சதும் காமாலையும் முடிஞ்சது."

"அப்போ அவர் எப்படி அந்தக் கம்பியைத் தொடலாம்? கேட்டை விட்டு ஒரு நாளும் நகராம, முதல் நாள்லேர்ந்து கடைசி நாள் வரைக்கும் நின்னவங்கதான் தூக்கணும்னு ஒரு தீர்மானம் போட்டா என்ன?"

நான் தேநீரைக் கீழே வைத்தேன். இத்தனை வருட இல்லறத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் அரசியல் வாக்கியம். நான் எதுவும் சொல்லித்தராமலே! பேனாவை எடுத்தேன்.

"'சங்க உறுப்பினர்களில்...'" என்று ஆரம்பித்தேன்.

"உறுப்பினர்னு போடாதீங்க. இப்ப அவரும் உறுப்பினர்தானே? அதைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே வருவாரு. 'நின்றவர் எவரோ அவரே'னு போடுங்க."

போட்டேன்.

"காமாலைனு காரணம் சொல்வாரே?"

"சொல்லட்டும்! 'எக்காரணம் கொண்டும் எவருக்கும் விலக்கு இல்லை'!" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். என் தீர்மானங்களில் ஓட்டை இருந்ததாகச் சரித்திரமே கிடையாது.

கூட்ட நாள். மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்கு முன்னால் தரையில் கம்பி கிடந்தது. தலைவர் இந்த வருடம் முன்யோசனையாக பூட்ஸ் அணிந்து வந்திருந்தார். மனைவி வழக்கம்போல முன் வரிசையில். பழைய தோழர்கள் எல்லோரும் அவளிடம் வந்து, "சௌக்கியமா கேட் அக்கா?" என்று விசாரித்தார்கள். அவளைச் சங்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். யார் வந்தாலும் எங்கள் வீட்டு கேட்டிலேயே நிறுத்திவைத்துப் பேசுகிற பழக்கத்தால் வந்த பெயர் என்று நான் நினைத்திருந்தேன்.

தீர்மானத்தை நானே முன்மொழிந்தேன். என் குரல் சுவரில் மோதித் திரும்பியது. கைதட்டல். ஏகமனதாக நிறைவேறியது. டைம்கீப்பரே கை உயர்த்தினார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அவர் எழுந்தார்.

"தலைவரே, தீர்மானத்தை ஏத்துக்கறேன். நான் அப்போ மாமியார் வீட்டுல இருந்தேன். தூக்குற தகுதி எனக்கு இல்ல."

நான் மீசையைத் தடவிக்கொண்டு கம்பியை நோக்கி நடந்தேன்.

"ஒரு நிமிஷம் முழக்கம் அண்ணே. அதே நேரத்துல நீங்களும் மாமியார் வீட்டுலதானே இருந்தீங்க? என்ன, என் மாமியார் வீட்டுல கதவு இருந்துச்சு. உங்களுக்கு வெறும் கம்பி. வருஷா வருஷம் நீங்களே சொல்வீங்களே?"

மண்டபம் குலுங்கியது. நான் கை உயர்த்தினேன்.

"தோழர்களே! அது சிறை! தியாகம்! அதற்கு விலக்கு..."

தலைவர் தீர்மானத்தைக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தார்.

"'எக்காரணம் கொண்டும் எவருக்கும் விலக்கு இல்லை.' அடிக்கோடு வேற போட்டிருக்கு."

"அப்போ வேற யாரு தூக்குறது? எல்லாரும் முறை வச்சுத்தானே நின்னோம்? வீட்டுக்குப் போய்ப் போய்த்தானே வந்தோம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"போகாத ஆளு ஒருத்தர் உண்டே!" என்றார் இன்னொருவர். "முழக்கத்தை போலீஸ் கூட்டிட்டுப் போன அன்னைக்குச் சாயங்காலமே அடுப்பையும் பானையையும் தூக்கிக்கிட்டு வந்து கேட்டுல உட்கார்ந்தாங்க. முதல் நாளும் நம்மளோட கேட்டுலதான் நின்னாங்க. ஜெயிச்ச அன்னைக்குத்தான் அடுப்பை அணைச்சாங்க. நமக்கெல்லாம் டீ கொடுத்தது யாருய்யா?"

"கேட் அக்கா!" என்றது மண்டபம்.

அந்த அடுப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிறையிலிருந்து திரும்பியதும் வீட்டில் அடுப்பைக் காணோம் என்று நான்தான் சத்தம் போட்டேன்.

"ஆட்சேபம்!" என்று கத்தினேன். "அவள் உறுப்பினரே இல்லை!"

தலைவர் மறுபடி தாளைப் பார்த்தார். "'நின்றவர் எவரோ அவரே.' உறுப்பினர்னு எங்கேயும் இல்லையே முழக்கம். நல்லா யோசிச்சுத்தான் எழுதியிருக்கீங்க."

முன் வரிசையில் அவள் எழுந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். என்னைத் தாண்டும்போது மெதுவாகக் கேட்டாள்:

"ஏங்க, இது உதவியாளர் வேலைதானே?"

நான் பதறிவிட்டேன். போன வருடம் என் மார்பிலேயே நின்றுபோன கம்பி அது. "வேணாம், இடுப்பு பிடிச்சுக்கும்! சொன்னாக் கேளு!"

அவள் முதுகை வளைக்கவில்லை. முட்டியை மடக்கினாள். கம்பி தரையை விட்டு எழுந்தது. மார்புக்கு வந்தது. அங்கே யோசிக்கவில்லை. மூச்சை விட்டாள், கம்பி தலைக்கு மேலே போய், பரணில் வைப்பதுபோல, ஒரு நொடி அப்படியே நின்றது. கடைசி வரிசையில் மாப்பிள்ளை நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தார்.

அப்படியே மேடையேறிக் கம்பியை நிமிர்த்தினாள். கொடி விரிந்தது. உண்மையைச் சொல்கிறேன்: அந்தக் கம்பி அவ்வளவு நேராக நின்று நான் பார்த்ததே இல்லை.

"அடியைப் பிடிங்க. குழிக்குள்ள இறக்கணும்" என்றாள் மேலேயிருந்து. மண்டியிட்டுப் பிடித்தேன். கம்பி குழியில் இறங்கியது.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். சபை எழுந்து நின்றது. மரபுப்படி உரக்க வாசித்தார்.

"இந்த ஆண்டு சபையறியக் கம்பி தூக்கியவர்: கேட் அக்கா!"

கரவொலி ஓய வெகுநேரம் ஆயிற்று. நான் இன்னும் மண்டியிட்டுத்தான் இருந்தேன். டைம்கீப்பர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் குனிந்து என்னைப் பார்த்தார். பிறகு அதையும் வாசித்தார்.

"உதவியாளர்: கேட் அக்கா வீட்டுக்காரர்."