பொறுத்துக்கொள்ளும் மட்டை

“காளி, இதுல எது எனக்குப் பொருத்தமா இருக்கு?”

பத்திரகாளி முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். கணவர் தனுஷ்கோடி கைலியோடு ஹாலின் நடுவில் நின்றார். கைக்கொன்றாக இரண்டு கோல்ஃப் மட்டைகள்.

“சேலையா எடுக்கப் போறீக, பொருத்தம் பாக்க? ரெண்டும் ஒட்டடைக் கம்பு மாதிரித்தான் இருக்கு.”

“நல்லாப் பாரு. இது பேரு பிளேடு. கத்தி மாதிரி மெல்லிசு. நட்ட நடுவுல பட்டாத்தான் பந்து போகும். கொஞ்சம் தள்ளிப் பட்டுச்சுன்னா முழங்கை வரைக்கும் விண்ணுன்னு தெறிக்கும். இன்னொன்னு முதுகுல குழி வச்சது, கேவிட்டி பேக்கு. ஓரத்துல பட்டாலும் பொறுத்துக்கிட்டு பந்தை அனுப்பி விட்டுரும்னு கடைக்காரர் சொல்றாரு.”

“தப்பு பண்ணாலும் பொறுத்துக்கிடுமா?”

“ஆமா.”

“அப்ப அதையே எடுங்க. நீங்க எம்புட்டு தப்பு பண்ணுவீகன்னு எனக்குத்தான தெரியும்.”

“அங்கனதான் சிக்கலே! நான் பிளேடுன்னு சொல்லித் தொலைச்சுட்டேனே!”

சிவகாசியில் குடியிருந்துகொண்டு எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் தனுஷ்கோடி, போன வாரம் வரை கோல்ஃப் மட்டையை டி.வி.யில்கூட நின்று பார்த்ததில்லை. எல்லாம் மகளுக்காகத்தான். பெங்களூரில் வேலை பார்க்கும் பிரீத்திகா, தன்னோடு வேலை செய்யும் நிரஞ்சனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். கேட்டவுடனே “முடியாது” என்று வெடித்தவர் இவர். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. போனில் “சாப்பிட்டீகளாப்பா?” என்பதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். அந்த ஒற்றைக் கேள்வியைத் தாங்க முடியாமல், தீபாவளி சீசன் முடிந்த கையோடு அவர் சம்மதித்துவிட்டார். ஆனால் மகளின் குரலில் பழைய கலகலப்பு திரும்பவில்லை. அப்பா எப்போது வேண்டுமானாலும் மனம் மாறிவிடுவார் என்று அவள் பயந்துகொண்டே இருந்தாள்.

பையனின் அப்பா முத்துக்கருப்பன், டீ எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் குடியிருப்பவர். போன வாரம்தான் போன் செய்தார்.

“ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட இங்க வாங்க சார். பெண்கள் வீட்ல பேசட்டும். நாம கோல்ஃப் கிளப்புக்குப் போய் நடந்துகிட்டே பேசி முடிச்சுடலாம். உங்களுக்குக் கோல்ஃப் பழக்கம் உண்டா?”

‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் கதையே இல்லை. ஆனால், பட்டாசுக்காரனுக்கு என்ன தெரியும் என்று அவர் நினைத்துவிட்டால் மகளுக்கல்லவா தலைகுனிவு?

“உண்டே!”

“அப்படியா! பிளேடா, கேவிட்டி பேக்கா?”

கேட்டதில் முதல் வார்த்தை மட்டும்தான் தனுஷ்கோடிக்குப் பிடிபட்டது. “பிளேடுதான்” என்றார்.

“அடேயப்பா!” என்றார் முத்துக்கருப்பன்.

அந்த ‘அடேயப்பா’வுக்கு என்ன அர்த்தம் என்று சென்னையில் ஒரு கடைக்குப் போன் போட்டு விசாரித்தபோதுதான் மாட்டிக்கொண்டது புரிந்தது. கைதேர்ந்தவர்கள்தான் பிளேடு பக்கமே போவார்களாம். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு வகையிலும் ஒவ்வொரு செட் வரவழைத்துவிட்டார்.

“இப்பவே போன் போட்டு உண்மையச் சொல்லிருங்களேன்” என்றாள் பத்திரகாளி.

“இனிமே சொன்னா, பொய்யன்னு ஆயிரும். பொய்யன் வீட்டுல யாரு பொண்ணு எடுப்பா? கூடி வந்ததை நானே கெடுத்துட்டேன்னா பிரீத்தி முகத்துல எப்படி முழிப்பேன்? வேற வழியே இல்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள பிளேடு பழகிர வேண்டியதுதான்.”

மொட்டை மாடியில் துணிக்கொடியில் பழைய மெத்தையைத் தொங்கவிட்டுப் பழக்கம் தொடங்கியது. முதல் அடி பந்தின் மேல் படவில்லை. மெத்தை கிழிந்து, பஞ்சு பறந்தது. அடுத்த அடி பந்தின் ஓரத்தில் பட்டது. பந்து மெத்தையைச் சுற்றிக்கொண்டு பறந்து, பக்கத்துக் காலண்டர் பிரஸ்ஸின் தகரக் கூரையில் ‘டமார்’ என்று விழுந்தது.

மற்ற ஊராக இருந்தால் யாராவது அண்ணாந்து பார்த்திருப்பார்கள். சிவகாசியில் டமார் என்று கேட்டால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, ஓடுவார்கள். பிரஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் தெருவுக்கு ஓடி வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டிக்கே போன் போட்டுவிட்டார்.

தெருவிலுள்ள ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த தனுஷ்கோடிக்கு ஒரு யோசனை பிறந்தது. கம்பெனி! ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் இடைவெளி விடவேண்டும் என்ற சட்டத்தால் அங்கே காலி நிலம் கண்ணுக்கெட்டியவரை கிடக்கிறது. தெருவே கிடையாது. கோல்ஃப் மைதானம்தான்!

ஆனால் கேட்டில் வேலுத்தாய் இருந்தாள். வருகிறவர்களைச் சோதித்து உள்ளே அனுப்புவது அவள் வேலை.

“மொதலாளி, கையில என்ன?”

“விளையாட்டுச் சாமான்மா.”

வேலுத்தாய் மேசை டிராயரிலிருந்து காந்தத்தை எடுத்து மட்டையின்மேல் வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

“இரும்பு. உள்ள வராது.”

“ஷெட்டுப் பக்கமே போகல வேலுத்தாயி. அந்தா, கடைசி வேம்புகிட்ட நின்னு…”

“கல்லுல பட்டு ஒரு பொறி பறந்துச்சுன்னா? ‘நானே கொண்டு வந்தாலும் விடாத’ன்னு சொல்லித்தான என்னைய இங்கன உக்கார வச்சீக?”

“நாந்தானம்மா மொதலாளி!”

“அதனாலதான் மரியாதையாச் சொல்றேன். மத்தவுகன்னா இந்நேரம் பிடுங்கி வச்சிருப்பேன்.”

தனுஷ்கோடிக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் இன்னொரு பக்கம் அழுகையாகவும் இருந்தது. பொறி பறக்கக் கூடாதென்று கம்பெனிக்குள் சுத்தியல்கூட மரம்தான், கரண்டிகூட பித்தளைதான்.

பித்தளை! வண்டியைத் திருப்பினார். கம்பெனிக்குப் பித்தளைக் கரண்டி செய்துதரும் பட்டறையில் பிளேடை மாதிரியாகக் கொடுத்து, மூங்கில் பிடி போட்டு, அச்சு அசலாக ஒரு பித்தளை மட்டை வார்த்து வாங்கிவிட்டார். குத்துவிளக்கின் கனம் இருந்தது. காந்தம் ஒட்டவில்லை. வேலுத்தாய் எழுந்து நின்று வணக்கம் வைத்து உள்ளே விட்டாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் கூட்டம் கூடியது. டிபன் பாக்ஸும் கையுமாகப் பெண்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

“மொதலாளி, குனிஞ்சு அடிங்க!”

“ஏக்கா, அவரு பந்தை அடிக்காரா, பாம்பை அடிக்காரா?”

“சத்தம் போடாதீக. பாவம், மக கல்யாணத்துக்காம்.”

அந்தக் கனத்தைத் தூக்கிச் சுழற்றிச் சுழற்றி, வாரக் கடைசியில் பந்து ஏதோ கொஞ்சம் நேராகவே போகத் தொடங்கியது. பெண்கள் கைதட்டினார்கள். அந்த உற்சாகத்தோடு வீட்டுக்கு வந்து நிஜ பிளேடைக் கையில் எடுத்தார். குத்துவிளக்குக்குப் பழகிய கைக்கு அது துடைப்பக் குச்சியாக இருந்தது. வீசிய வேகத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மணிபிளான்ட் தொட்டியை உடைத்துவிட்டுச் சோபாவில் போய் விழுந்தார். பந்து வைத்த இடத்திலேயே இருந்தது.

பத்திரகாளி அவர் தோளில் தைலம் தேய்த்துவிட்டாள்.

“இந்த வயசுல எதுக்கு இம்புட்டு பாடு?”

“நான் முடியாதுன்னு சொன்னன்னைக்கு அவ ஒரு பார்வை பார்த்தா காளி. சின்னப் புள்ளைல மத்தாப்பு நனைஞ்சு போச்சுன்னா பார்ப்பாள்ல, அந்தப் பார்வை. அவ சிரிச்சுப் பேசுறதைத் திரும்பக் கேக்கணும். அதுக்கு நான் அந்த மனுசர் முன்னாடி சின்னப்பட்டுப் போகக் கூடாது.”

தைலம் தேய்த்த அவள் கை கொஞ்சம் மெதுவாகியது.

ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலில் பைன் மரங்களுக்கிடையே பனிமூட்டம் விலகிக்கொண்டிருந்தது. பத்திரகாளி முத்துக்கருப்பன் வீட்டிலேயே தங்கிவிட, ஆண்கள் இருவரும் கிளப்புக்கு வந்தார்கள். விளையாடுகிறவர்களின் பையைத் தூக்கி வரும் அய்யப்பன் கூடவே வந்தார்.

“நாம ரெண்டு பேரும் அயர்ன், அதான் இரும்பு மட்டை மட்டும் வச்சு ஆடுவோம். நீங்கதான் விருந்தாளி, முதல்ல அடிங்க” என்றார் முத்துக்கருப்பன்.

தனுஷ்கோடி பையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளே பிளேடு ஒன்றுகூட இல்லை. தடித்த முகமும் குழிந்த முதுகுமாகப் பொறுத்துக்கொள்ளும் மட்டைகள் வரிசையாக அவரைப் பார்த்தன. பத்திரகாளி மாற்றி வைத்துவிட்டாள்!

“பிளேடுன்னு சொன்னதா ஞாபகம்” என்றார் முத்துக்கருப்பன்.

“வீட்டுல… பையை மாத்தி எடுத்து வச்சுட்டாக.”

“அதனால என்ன, ஆரம்பிங்க.”

தனுஷ்கோடி வீட்டுக் குலசாமியையும் இருக்கன்குடி மாரியம்மனையும் ஒருசேர வேண்டிக்கொண்டு ஓங்கி அடித்தார். பொறுத்துக்கொள்ளும் மட்டைக்கும் ஒரு எல்லை உண்டு. பந்து போய்ச் சேரவேண்டிய குழியின் கொடி நேரே இருந்தது. பந்து அதைக் கண்டுகொள்ளாமல் இடதுபக்கப் புதருக்குள் போய்விட்டது.

அய்யப்பன் வானத்தைப் பார்த்தார்.

இதற்குமேல் நடிக்க முடியாது என்று தனுஷ்கோடிக்குத் தெரிந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார். “சம்பந்தி, நான் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்…”

“இருங்க, நானும் அடிச்சுட்டு வந்துடறேன்.”

முத்துக்கருப்பன் அடித்தார். அவர் பந்தும் இடதுபக்கம் வளைந்து அதே புதருக்குள் விழுந்தது.

“அடடா! என்னுதும் போச்சே! வாங்க, சேர்ந்து தேடுவோம்.”

தனுஷ்கோடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, மனசுக்குள் ஒரு சரவெடியே வெடித்தார். ஆக, இந்த மனுசரும் நம்மைப் போல வாயால் ஆடுகிறவர்தான்!

தனுஷ்கோடியின் அடுத்த பந்து ஓடையில் விழுந்தது. முத்துக்கருப்பனின் பந்தும் ஓடைக்கே போனது. அதற்கடுத்தது ஒரு காட்டுமாட்டின் பக்கத்தில் போய் நின்றது. முத்துக்கருப்பனுடையதும் அங்கேயே போய் நின்றது. மாடு இரண்டு பந்தையும் மோந்து பார்த்துவிட்டு நகராமல் நின்றது. அது போகும்வரை பேசுவதைத் தவிர இருவருக்கும் வேறு வேலையில்லை.

“பிரீத்திகா தங்கமான பொண்ணு சார்” என்றார் முத்துக்கருப்பன். “ஆனா உள்ளுக்குள்ள ஒரு பயம். ‘எங்கப்பா மனசு மாறிட மாட்டாருல்ல’ன்னு எங்க வீட்டம்மாகிட்ட கேட்டுக்கிட்டே இருக்கா.”

தனுஷ்கோடி தரையைப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்தார்.

“பிரீத்தி, அப்பா பேசுறேன்.”

“சாப்பிட்டீகளாப்பா?”

“அதை விடு தாயி. அன்னைக்கு நான் முடியாதுன்னு சொன்னது தப்பு. சுத்தமாத் தப்பு. வைகாசில நாள் பாக்கச் சொல்லப் போறோம். இனிமே அப்பா மாற மாட்டேன். நீ மனசு மாறினாத்தான் உண்டு.”

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு மெல்ல, “எங்க இருந்துப்பா பேசுறீக?”

“காட்டுமாட்டுக்குப் பின்னாடி நின்னு பேசுறேன்.”

பிரீத்திகா சிரித்தாள். பழைய சிரிப்பு, காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடிக்கவேண்டிய சிரிப்பு. முத்துக்கருப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மதியம் முத்துக்கருப்பன் வீட்டிலிருந்து கிளம்பும்போது, காரில் ஏறி உட்கார்ந்ததுமே தனுஷ்கோடி மனைவியின் காதில் கிசுகிசுத்தார்.

“அவருக்கும் ஒண்ணுமே தெரியாது காளி! என்னைய விட மோசம்! நல்லவேளை, நான் எதையும் ஒளறல.”

கிளப்பிலிருந்து கூடவே வந்திருந்த அய்யப்பன் மட்டைப் பையை டிக்கியில் வைத்து மூடினார். உடனே போகாமல், தயங்கித் தயங்கி ஜன்னலருகே வந்து குனிந்தார்.

“தப்பா நெனைக்காதீங்கய்யா, எனக்கு மனசு தாங்கல. இந்தக் கிளப்புல வருசா வருசம் கப்பு வாங்குறது எங்க சாருதான். ஆனா ஒருத்தரு பந்து எந்தப் புதருக்குள்ள போய் ஒளிஞ்சாலும், குறி பார்த்து அதுக்கு ஒரு சாண் தள்ளித் தன் பந்தைப் போடுற வித்தையை இன்னைக்குத்தான் பார்த்தேன்!”