எக்கோ வைத்த நிச்சயதார்த்தம்

அரைகுறைப் படிப்பு ஆளைக் கொல்லாது. மைக் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், பேச்சுப் பயிற்சிப் படிப்பில் முதல் வருடம் முடித்து விருத்தாசலத்துக்கு லீவில் வந்திருந்தேன். மூளை பேச்சை எப்படி நடத்துகிறது என்பதில் எங்கள் பாடத்தில் இரண்டு கட்சி. வாய் சொல்வதைக் காது கேட்டுச் சொல்லச் சொல்லத்தான் மூளை திருத்துகிறது என்பது ஒன்று. எல்லா ஒலியையும் மூளை முன்கூட்டியே வரிசைகட்டி அனுப்பிவிடும், காதை விசாரிக்க அதற்கு நேரமில்லை என்பது மற்றது. நான் இரண்டாவது கட்சி. (முதல் கட்சியின் பாடம் நடந்த அன்று கேன்டீனில் இருந்தேன்.)

அக்கா ஸ்டெல்லாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வேப்பூர்க்காரர், எங்கள் ஊர் செராமிக் கம்பெனியில் சூளையைக் கவனிப்பவர். கோயில் ஹாலில் நூற்றைம்பது பேர்.

"பேச்சுக்கே படிக்கிறவ. வரவேற்புரை நீதான்" என்றார் அப்பா.

மைக்செட்காரர் பெருமையோடு, "புதுசா எக்கோ போட்டிருக்கேன் பாப்பா, சும்மா அதிரும்" என்று ஸ்பீக்கர் பெட்டியை என் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

"அனைவருக்கும் வணக்கம்" என்றேன். நான் வணக்கத்துக்கு வரும்போது பெட்டி அப்போதுதான் 'அனைவருக்கும்' என்றது. காது கேட்டதை நம்பி நாக்கு திகைத்து நின்றது. "வ... வண... ணக்... க்க்..." கத்தினால் சரியாகும் என்று கத்தினேன். பெட்டி என்னைவிடக் கத்தியது.

"எங்க அக்காவுக்குப் பொ... பொறு... பொறாமை அதிகம்!"

பொறுமை என்றுதான் மனப்பாடம் செய்திருந்தேன்.

"ஐயோ, புள்ளைக்கு வலிப்பு!" என்று பெரியம்மா அலறினார். அவ்வளவுதான். ஹாலில் இருந்த அத்தனை சாவிக்கொத்தும் என் கைக்கு வந்தது. யாரோ சோடாவை உடைத்துத் தலையில் ஊற்றினார்கள். வலிப்பு இல்லை, எக்கோ என்பதை (அறிவாளி!) மைக்கிலேயே விளக்கினேன். "எ... எக்... எக்க்..."

"விக்கலும் வந்துடுச்சு" என்றது ஒரு குரல்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து அப்பாவிடம், "பரம்பரையா இருக்குதுங்களா?" என்று கேட்டார். அப்பாவின் முகம் சூளைக்குப் போகாத பொம்மைபோல் வெளுத்தது. அக்கா அழத் தொடங்கினாள். மைக்கைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மாவிடம் ஓடினேன்.

"அத்தை, நீங்களே ஒரு வார்த்தை பேசிப் பாருங்க!"

அவர் வெடுக்கென்று பிடுங்கினார். "நாங்க கௌரவமான குடும்... குடு... டும்... டும்..."

"மேளமே கொட்டிட்டாங்க!" என்று பின்வரிசை கைதட்டியது. அவர் தம்பி வாங்கினார், திக்கினார். எங்கள் பெரியப்பா வாங்கினார், திக்கினார். பங்குச் சாமியார் மட்டும் பூசை ராகத்தில் பாடித் தப்பித்தார்.

மாப்பிள்ளை நிதானமாக எழுந்துபோய் எக்கோ பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். "ரெண்டு வூட்லயும் இருக்குதுங்க. சரிக்குச் சரியாப் போச்சு. மோதிரம் மாத்தலாம்."

இப்போது நான் கடலூரில் பேச்சுப் பயிற்சி தருகிறேன். விசேஷங்களில் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், அக்காவின் மாமியார் முந்திக்கொள்வார்:

"டாக்டரு மாதிரிதாங்க. ஆனா இது பேசாது. மத்தவங்களைத்தான் பேச வைக்கும்."