இஞ்சித் தண்ணீரும் குச்சவெளி மாப்பிள்ளையும்

நான் ஒரு காலத்தில் ஆரோக்கியமாக வாழ முயன்றேன். அதனால் ஒரு லொறி நிறைய ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. இதை நானே முந்திச் சொல்லிவிடுவது நல்லது. என் சொந்தக்காரர்களிடம் கேட்டால் லொறியை இரண்டாக்கிச் சொல்வார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நான்கு வயது, திருகோணமலைத் துறைமுகத்தில் களஞ்சியக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. அப்பா காலமாகி ஆறு வருஷம். வீட்டில் அம்மா, அக்கா யோகம், நான். அரிசிக்கும் மாவுக்கும் சீனிக்கும் தட்டுப்பாடு வந்து, ஊரே வளவுக்குள் மரவள்ளி நட்டுக் கிழங்கு தின்ற காலம். அந்த நேரம் பார்த்துத்தான் பஸ் நிலையத்தடியில் இயற்கை வாழ்வு பற்றிய பழைய புத்தகம் ஒன்று வாங்கினேன். அட்டை கிழிந்திருந்ததால் எழுதியவர் யாரென்று இன்றைக்கும் தெரியாது. (தெரிந்திருந்தால் ஆளைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்.)

வைகறையில் எழும்பு, வெறும் வயிற்றில் தண்ணீர் குடி, கீரை தின், எண்ணெயைக் குறை, நேரத்துக்குப் படு என்று அதில் நல்ல விஷயங்கள்தான் இருந்தன. நல்ல விஷயத்தை அளவோடு செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு தரம் மென்றேன். நான் இடியப்பத்தில் பாதியைத் தாண்டும்போது கந்தோரில் பின்னேர வேலை தொடங்கிவிடும். விடியற்காலையில் கடற்கரை மணலில் கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து கிடந்து சூரியக் குளியல் எடுத்தேன். மூன்றாம் நாள் கரைவலை இழுக்க வந்தவர்கள், பிரேதம் ஒதுங்கிக் கிடக்கிறது என்று சுற்றி நின்று அழுவாரைத் தேடினார்கள். நான் கண்ணைத் திறந்து, “காலை வெயில் நரம்புக்கு நல்லது அண்ணை” என்றேன். ஒருவர் வலைக்கயிற்றைப் போட்டுவிட்டு ஓடியே போனார்.

வீட்டிலும் என் ஆட்சிதான். வாரத்தில் மூன்று நாள் குரக்கன் கஞ்சி, மற்ற நாளெல்லாம் வல்லாரைச் சம்பல். பொரியல் என்ற சொல்லே எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தேயிலை நஞ்சு என்று புத்தகம் சொன்னது. அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து டின்னிலிருந்த தேயிலைத் தூள் முழுவதையும் கனகாம்பரத்துக்குப் பசளையாகப் போட்டுவிட்டேன். செடி நன்றாகத்தான் பூத்தது. வெற்று டின்னைப் பற்றி அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

“உனக்கு விசர் முத்திப் போச்சு பாலா” என்று அக்கா சொல்வாள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அக்காவுக்கு அப்போது இருபத்தொன்பது. இரண்டு சம்பந்தம் வந்து, இரண்டு தரமும் பலகாரத் தட்டோடு முன்னால் வந்து நின்று, இரண்டு தரமும் ‘வீட்டில கதைச்சுப்போட்டுச் சொல்லுறம்’ என்று போனவர்கள் சொல்லவேயில்லை. மூன்றாவதாகக் குச்சவெளித் தபால் கந்தோரில் வேலை செய்கிற ஒருவர் பெண் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தபோது அக்கா அம்மாவிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

“இதுதான் கடைசி. இதுவும் சரிவராட்டி இனி ஒருத்தருக்கும் முன்னால தட்டு ஏந்திக்கொண்டு நிக்க மாட்டன். என்னை விட்டிடுங்கோ.”

இந்தச் சம்பந்தத்தை எப்படியும் முற்றாக்குவது என் பொறுப்பு என்று நினைத்தேன். அதற்கு நான் செய்த ஆயத்தம் என்ன தெரியுமா? மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் முகம் பிரகாசமாக இருக்க வேண்டும் என்பதற்காக மூன்று நாள் பழ நோன்பு இருந்தேன். பப்பாசிப்பழத்தையும் தண்ணீரையும் தவிர வேறொன்றும் தொடவில்லை. (பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் தம்பியின் முகத்தையா பார்ப்பார்கள்? அந்த வயதில் அது தோன்றாது.)

பத்து மணிக்கு வர வேண்டியவர்கள் பன்னிரண்டாகியும் வரவில்லை. அப்போதுதான் அம்மா தேயிலை டின்னைத் திறந்தா. அம்மா வாயால் வந்ததை இங்கே எழுத ஏலாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு தேயிலை வாங்க ஓடினேன். போகும் வழியெல்லாம் எனக்கும் மனச்சாட்சிக்கும் வழக்கு. வருங்கால அத்தானுக்கு என் கையால் நஞ்சு கொடுப்பதா? சந்தையில் நல்ல பிஞ்சு இஞ்சி கண்ணில் பட்டது. இஞ்சியும் தேசிக்காயும் வாங்கிக்கொண்டு, தேயிலைக் கடைப் பக்கம் திரும்பியும் பாராமல் வந்துவிட்டேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து நான் திரும்பியபோது மாப்பிள்ளை வீட்டார் விறாந்தையில் கதிரைகளில் இருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார், நல்ல வாட்டசாட்டமான மனுசி. பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு பெரியப்பா. ஒரு மூலையில், தபாலில் தவறி வந்த பொதி மாதிரி, வாய் திறக்காமல் மாப்பிள்ளை. வந்த பஸ் நிலாவெளியில் பழுதாகி நின்றுவிட்டதாம். அம்மாவும் அக்காவும் அறைக்குள், சேலை கட்டுகிற அவசரத்தில்.

பெரியப்பா நீளமாக ஒரு ஏப்பம் விட்டார். வெறும் வயிற்று வாய்வு என்று உடனே கண்டுபிடித்தேன். முற்றாகாத இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் சோறு தின்று கை நனைக்க மாட்டார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். ஆகவே இவர்கள் காலையிலிருந்து பட்டினி என்று முடிவு கட்டினேன். குசினிக்குள் போய் இஞ்சியை இடித்துச் சாறு பிழிந்து, தேசிக்காய்ப்புளி விட்டு, பனங்கட்டி கரைத்து, வடித்து, அலுமாரியில் இருந்த கண்ணாடிக் கிளாஸ்களில் ஊற்றிக்கொண்டு வந்தேன்.

“குடியுங்கோ மாமி. தேத்தண்ணியைவிட நூறு மடங்கு திறம். பசியைத் தூண்டும்.”

“பசியைத் தூண்டவோ?” என்று பெரியப்பா வயிற்றைத் தடவினார். அதிலாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டாமா? மூன்று பேரும் ஒரே மூச்சில் குடித்தார்கள். மாப்பிள்ளை இரண்டாவது கிளாசையும் எடுத்தார். எனக்கு வந்த பெருமையில் பாதம் தரையில் படவில்லை.

“நல்ல காரமா இருக்கு தம்பி. என்ன போட்டது?” என்றா மாமி.

“தனி இஞ்சி மாமி! ஒரு இறாத்தல் இஞ்சி!”

மாமியின் கையிலிருந்த கிளாஸ் அந்தரத்தில் நின்றது. “இஞ்சியோ? ஐயோ தம்பி, இப்பத்தானே உங்கட அம்மா தந்த மரவள்ளிக்கிழங்கு திண்டனாங்கள்!”

வெளியூர் வாசகருக்கு இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. மரவள்ளியும் இஞ்சியும் வயிற்றுக்குள் சந்தித்தால் ஆள் தப்பாது என்பது இலங்கையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கிழங்கு அவித்த நாளில் இஞ்சியை வீட்டில் தேடியும் காண முடியாது. எனக்கும் தெரியும். நடந்தது இதுதான்: பசியோடு வந்தவர்களைப் பார்த்து மனம் கேளாமல், ‘சோறுதானே தின்னக் கூடாது, கிழங்கு தின்னலாம்தானே’ என்று அம்மா வழக்கத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்து, ஒரு சட்டி கிழங்கை அவித்துச் சம்பலோடு கொடுத்து, தின்ற வாழையிலைகளை வேலிக்கு வெளியே எறிந்தும் விட்டிருக்கிறா.

“எங்களைக் கொண்டுபோட்டான்!” என்று பெரியப்பா கத்தினார். மாமி மாரில் அடித்துக்கொண்டு சுவரோடு சரிந்தா. ஏப்பக்காரருக்கு நாக்கு மரத்ததாம், மாமிக்குக் கண் இருண்டதாம். மாப்பிள்ளை மட்டும் கையிலிருந்த வெறும் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டு குடித்தவர் அல்லவா? அம்மா ஓடி வந்து விஷயத்தைக் கேட்டு, என்னை அடிக்கத் தும்புத்தடி தேடினா. மூன்று உயிர். அதோடு அக்காவின் வாழ்க்கை. எல்லாவற்றையும் ஆளுக்கொரு கிளாசில் ஊற்றிக் கொடுத்துவிட்டேனே!

அப்போதுதான் அறைக் கதவு திறந்தது.

தட்டோடு தலை குனிந்து வர வேண்டிய அக்கா, மணிப்பூரிப் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் கிழங்குத் துண்டோடு வந்தாள். எல்லாரும் பார்த்திருக்கக் கிழங்கைக் கடித்துத் தின்றாள். தட்டில் மிஞ்சியிருந்த இஞ்சித் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தாள். கிளாசை வைத்துவிட்டு வாயைத் துடைத்தாள்.

“இப்ப நானும் உங்களோடதான். வாறது எனக்கும் வரட்டும். அழுதது காணும், எழும்புங்கோ மாமி. பாலா, மரம் மாதிரி நிக்காமல் சலீம் நானாவைக் கூப்பிடு!”

சலீம் நானா எதிர்வீட்டுக்காரர். கிண்ணியாவிலிருந்து வந்து மீன் வியாபாரம் செய்கிறவர். அவருடைய ஐஸ்மீன் லொறி அப்போதுதான் சுமை இறக்கிவிட்டு வந்து நின்றது. கதையைக் கேட்டதும் மனுசன் உடுத்த சாரத்தோடு ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். “கெதியா ஏறுங்க! யா அல்லாஹ், வந்த விருந்தாளிக்கு யாரும் இப்பிடிச் செய்வாங்களா மகன்?” மாமியை ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. சூரை மீன் வாடைக்குள் ஐஸ்பெட்டிகளின் மேல் எல்லாரும் குந்தினோம். மாமியின் தலை அக்காவின் மடியில். பட்டுச் சேலை முழுக்க மீன் தண்ணீர். “என்ர பிள்ளை கலியாணம் காணாமலே போகப்போறான்” என்று மாமி புலம்ப, “அவருக்கு ஒண்டும் வராது மாமி, மூச்சை நல்லா இழுத்து விடுங்கோ” என்று அக்கா முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். எதிரே இருந்த மாப்பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒருவரையும் பார்க்கவில்லை. தரையில் கிடந்த மீன் செதில்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் நாலு பேரின் நாடியையும் பிடித்தார், கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமத்தினார். குடித்து எவ்வளவு நேரம் என்று கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. கிழங்கை நல்லா அவிச்சிருக்கிறா அம்மா. இவ்வளவும் பயம்தான். எதுக்கும் கொஞ்ச நேரம் வெளி வாங்கில குந்தியிருந்துபோட்டுப் போங்கோ.”

இதைக் கேட்ட ஆறுதலில் நான் மயங்கி விழுந்தேன்.

சும்மா இல்லை, மருந்து மேசை ஒன்றையும் இழுத்துக்கொண்டு விழுந்தேன். கண் விழித்தபோது கட்டிலில் கிடந்தேன், கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. டொக்டர் அக்காவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

“இவர் எவ்வளவு குடிச்சவர்?”

“இவன் குடிக்கேல்லை டொக்டர்.”

“அப்ப கிழங்கு?”

“அதுவும் இல்லை. மூண்டு நாளாச் சோறும் இல்லை. உடம்பைத் தேற்றுறானாம்.”

டொக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நர்ஸ், இவருக்கு நல்ல சாயமா, சீனி கூடப் போட்டு ஒரு தேத்தண்ணி குடுங்கோ.” மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்று பார்த்திருக்க, அந்த நஞ்சை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு தேத்தண்ணீர் நான் குடித்ததில்லை.

பயம் தெளிந்ததும் மாமிக்குக் கோபம் வந்தது. “முதல் வந்த காலே ஆஸ்பத்திரியில கொண்டுவந்து விட்டிட்டுது. சகுனம் சரியில்லை. நாங்கள் வீட்டில கதைச்சுப்போட்டு...” என்று தொடங்கினா. அக்காவின் முகம் ஒரு கணம் வாடி, பிறகு இறுகியது. அவள் என் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அந்தக் கணத்தில் மரவள்ளியும் இஞ்சியும் உண்மையிலேயே கொல்லும் என்றால், முதல் ஆளாக நான் தின்றிருப்பேன்.

அப்போது, அன்று முழுக்க வாய் திறக்காத மாப்பிள்ளை வாய் திறந்தார்.

“வீட்டில கதைக்க ஒண்டுமில்லை அம்மா. சாவம் எண்டு நினைச்சுக்கொண்டுதான் எங்களோட சேந்து குடிச்சவ. இனி எங்க போய் நான் பொம்பிளை பாக்கிறது? எனக்குச் சம்மதம். அவவைக் கேளுங்கோ.”

அக்கா நிலத்தைப் பார்த்தாள். அழுதாளா சிரித்தாளா என்று நான் கிடந்த இடத்திலிருந்து தெரியவில்லை. அம்மா அழுதது நன்றாகத் தெரிந்தது. பெரியப்பா மட்டும் விரலால் என்னைச் சுட்டினார். “அப்ப, இந்தத் தம்பி?”

“தம்பியையோ நான் கட்டப்போறன்?” என்றார் அத்தான். அந்த நிமிஷத்திலிருந்து அவர் அத்தான்தான்.

மாமி கனநேரம் மகனைப் பார்த்தா, பிறகு அக்காவின் நாசமாய்ப் போன சேலையைப் பார்த்தா. “சரி. ஆனா ஒரு நிபந்தனை” என்றா. அம்மா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தா. “கலியாண வீட்டில இவன் குசினிப் பக்கம் காலே வைக்கக் கூடாது.”

வைக்கவில்லை. கலியாணத்தன்று சலீம் நானா குசினி வாசலில் கதிரை போட்டு இருந்து காவல் காத்தார். பந்தியில் நான் தண்ணீர்ச் செம்பைத் தொட்டபோதுகூட நாலு பேர் எழும்பினார்கள். மாமி தொண்ணூறு கடந்தும் திடகாத்திரமாக இருந்தா. என்ன சாப்பிட்டு இப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம், “டொக்குத்தர் தம்பி சொன்ன ஒண்டையும் நான் செய்யேல்லை” என்பா. அது எனக்கு மாமி வைத்த பட்டம்.

எனக்கு இப்போது இரண்டு வேளை தேத்தண்ணீர், அளவான சோறு, கீரை, விடியற்காலையில் நடை. கடற்கரையில் படுப்பதில்லை. அக்கா வீட்டிலோ எங்கள் வீட்டிலோ யார் படியேறினாலும், சின்னப் பிள்ளைகள்கூட, ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முன்னம், “என்ன சாப்பிட்டுட்டு வந்தனீங்கள்?” என்று கேட்டுவிடுவார்கள். இந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு அன்பு, எவ்வளவு உபசாரம் என்று வந்தவர்கள் உருகிப் போகிறார்கள். நாங்களும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம்.