மூன்று முதலாளிகளும் ஒரு வாய்க்காலும்

"வாய்க்கால்ல விடற வெள்ளைத் தண்ணியைப் பத்தி ஒரு வரிகூட இருக்கக் கூடாது" என்று அறிக்கையைக் கணக்கர் பக்கம் தள்ளினார் பெரிய முதலாளி. "விலை பேச வர்றவங்கன்னா என்ன? வீட்டு விஷயத்தை வெளியே சொல்வாங்களா?"

கணக்கர் அறிக்கையை எடுத்துக்கொண்டார். பால் கம்பெனியை வாங்க சாயந்திரம் ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் சுற்றுச்சூழல் அறிக்கை தயாராக வேண்டும். இல்லையென்றால் வேலை போய்விடும். "இந்த வேலையையும் விட்டுட்டு வந்தீங்க, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மனைவி காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

கம்பெனியில் அண்ணனான பெரிய முதலாளி, தங்கை, தம்பி மூவருக்கும் சரிபங்கு. மற்ற இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் நான் போடுவேன் என்பதில் மட்டும் மூவரும் ஒற்றுமை.

அந்த வரியை எடுத்துவிட்டுத் தங்கையிடம் போனார்.

"வாய்க்கால் எங்கே? அது அண்ணன் பார்த்துக்கிற வேலையாச்சே! பெரிசா எழுதுங்க, அவர் மானம் போகட்டும்."

பெரிசாக எழுதித் தம்பியிடம் போனார். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். "இதைப் பார்த்தா எவன்யா விலை கொடுப்பான்? தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குன்னு எழுதுய்யா!"

அட கடவுளே! ஒரு வாய்க்காலை எத்தனை விதமாகத்தான் ஓட விடுவது? கடைசியில் துணிந்து மூன்று அறிக்கை அடித்தார். ஒன்றில் வாய்க்காலே இல்லை. ஒன்றில் வாய்க்கால் நாறியது. ஒன்றில் மீன் துள்ளியது. "மத்த ரெண்டு பேரும் இதுக்குச் சரின்னுட்டாங்க" என்று மூவரிடமும் கூசாமல் புளுகினார். மூவரும் அவரவர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டார்கள்.

அப்பாடா என்று உட்காரவில்லை, ஆட்கள் வந்துவிட்டார்கள். அறிக்கை எங்கே என்று கேட்டதும் அண்ணன் ஒன்றை நீட்டினார். தங்கை ஒன்றை நீட்டினார். தம்பியும் நீட்டினார். வந்தவர்கள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள்.

"வெளியே போய்யா!" ஆயுளில் முதல் தடவையாக மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

கணக்கர் டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொண்டார். வீட்டில் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஆனாலும் மனசின் ஓரத்தில் ஒரு நிம்மதி. இனி ஒரு முதலாளியின் முகத்திலும் விழிக்க வேண்டாம்.

கேட்டைத் தாண்டும்போது வாட்ச்மேன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், நில்லுங்க! கம்பெனியை வாங்கிட்டாங்க. நம்ம முதலாளிங்க மூணு பேரும் வேண்டாமாம், நீங்க மட்டும் கண்டிப்பா வேணுமாம். அவங்க கம்பெனியில மொத்தம் பதினோரு முதலாளிங்களாம் சார்!"