கத்திக்கு நூறு வயது

வெட்கப்படுகிறவன் எப்போதாவதுதான் வாயைத் திறப்பான். திறந்துவிட்டால் மூடத் தெரியாது. என் கல்யாணமே இதற்குச் சாட்சி.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு, சிங்கப்பூர் தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் பழைய இரும்புச் சாமான் கடையில் வேலை. மனிதர் முகம் பார்த்துப் பேச வராது. ஆனால் கையால் அடித்த கத்தி எதைக் கொடுத்தாலும், எந்த ஊர் வேலை, எவ்வளவு பழையது என்று சொல்லிவிடுவேன். (இந்தத் திறமைக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை.) பார்த்த இடமெல்லாம் தட்டிப்போனதில் அத்தை நொந்துபோயிருந்தாள்.

"இங்கயாச்சும் வாயத் திறக்காத லா. தலைய மட்டும் ஆட்டு."

பெண் வீடு குதிரைப் பந்தயத் திடலுக்குப் பின்னால். அப்பா பால் வியாபாரி. பெண் காபி நீட்டியபோது டம்ளர் சாய்ந்து, பாதி என் வேட்டியில் கொட்டியது. அவள் உள்ளே ஓடிவிட்டாள். நான் வேட்டியைப் பார்த்தேனே தவிர அவளைப் பார்க்கவில்லை.

நிலைமையைச் சமாளிக்க அவள் அப்பா வெற்றிலைத் தட்டிலிருந்த கத்தியால் பாக்கைச் சீவினார்.

"மாப்பிள்ளைக்குக் கத்தின்னா உசுராமே? இது எங்க தாத்தா நாகப்பட்டினத்துலேர்ந்து கொண்டாந்தது. நூறு வருசம்!"

தலையை ஆட்டியிருக்கலாம். ஆனால் கத்தி கைக்கு வந்துவிட்டதே!

"நாகப்பட்டினத்து வேலைதான். வளைஞ்ச மூக்கு, பித்தளைப் பூண். ஆனா நூறு இல்லீங்க. இந்த மாதிரி அங்க அடிக்க ஆரம்பிச்சே அம்பது வருசந்தான் ஆவுது."

பால்காரர் முகம் சுருங்கியது. அத்தை என் தொடையைக் கிள்ளினாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு. வலக்கைக்காரங்க தீட்டினா இந்தப் பக்கம் தேயும். பழைய தேய்மானம் அப்படித்தான் இருக்கு. அதுக்கு மேல புதுத் தேய்மானம் மறுபக்கம். நாலஞ்சு வருசமா இதத் தீட்டுறது எடக்கைக்காரங்க!"

நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பா பாக்குச் சீவியது வலக்கையால். பெண்ணின் அம்மா முறுக்கு வைத்ததும் வலக்கையால். வீட்டில் மிச்சம் ஒருத்திதான். காபி ஏன் கொட்டியது என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது. இடக்கைப் பெண்ணை எவன் கட்டுவான் என்று அவர்கள் பொத்திவைத்த ரகசியத்தை நான் வெற்றிலைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டேன்.

அத்தை என்னை வாசலுக்கு இழுத்தாள்.

"நில்லுங்க அத்தை," என்றது ஒரு குரல். அந்தப் பெண் கனகம் வெளியே வந்து, இடக்கையால் கத்தியை எடுத்து, பாக்கைக் காகிதம் போல் சீவினாள். "ஆமா, நான்தான். வர்றவுங்களுக்கெல்லாம் வலக்கையில காபி குடுத்து எனக்கும் அலுத்துப்போச்சு. இவரு கத்தியத்தான் இம்புட்டு நேரம் பார்த்தாரு. இப்ப என்னையும் பார்க்கச் சொல்லுங்க."

பார்த்தேன். (வயதைக் கணிக்கவில்லை. அந்த அளவுக்கு அறிவு இருந்தது.)

"எனக்குச் சம்மதம்," என்றேன், நானே, சத்தமாக. அத்தை என்னை யாரோ போல் பார்த்தாள்.

பால்காரர் மட்டும் அசையவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். கத்திக்கு என்ன வயசு?"

"நூறு, மாமா."

"அப்ப நாள் குறிச்சிடலாம்."

என் தலை நரைத்த பிறகும், விருந்தாளி யார் வந்தாலும் மாமா கத்தியை நீட்டி அதே கேள்வியைக் கேட்கிறார். நானும் அதே பதிலைச் சொல்கிறேன். உள்ளே இடக்கையால் வெங்காயம் நறுக்கும் கனகம் குரல் கொடுப்பாள்:

"அன்னிக்கு ஒரே நிமிசத்துல அம்பது வயசு ஏறின கத்தி, அதுக்கப்புறம் ஒரு வயசுகூட ஏறலையே!"