தாதிமார் தேக லாகவ சபையின் வெற்றி

மனித குலத்துக்குப் பெரும் நன்மை செய்த சபைகள் உலகத்தில் மூன்று உண்டு. முதல் இரண்டின் பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. மூன்றாவது, 1934-ஆம் வருஷம் மயிலாப்பூரில் தோன்றிய தாதிமார் தேக லாகவ சபை. அதன் கௌரவக் காரியதரிசியாக இருக்கும் பாக்கியம் அடியேனுக்குக் கிடைத்தது.

லாகவம் என்றால் உடம்பு லேசாக இருப்பது. யாருடைய உடம்பு என்பதில் சபைக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்ததில்லை. லஸ் முனைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு மாதர் தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே நர்ஸ் வேலைக்குப் படிக்கும் பெண்கள் பதினோரு பேர். பகலெல்லாம் வேலை செய்வார்கள். வேலைக்கு நடுவே மூச்சு விட நேரம் கிடைத்தால் படிப்பார்கள். அந்தப் பதினோரு பேருடைய உடம்புதான் சபையின் லட்சியம்.

தலைவர் ராவ் சாகிப் சுந்தரபாஷ்யம். ஆஸ்பத்திரி நிர்வாகக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். அவர் உட்கார்ந்த பிறகு நாற்காலி இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ராவ் சாகிப் பட்டம் வந்து ஆறு வருஷமாகியும் ராவ் பகதூர் பட்டம் வரவில்லை. அதற்குப் புதிதாக ஏதாவது பொதுநலம் செய்தாக வேண்டும். கிணறு, சத்திரம், வாசகசாலை எல்லாவற்றையும் மற்றவர்கள் ஏற்கெனவே செய்து கெடுத்துவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து, மேனாட்டு டாக்டர் ஒருவர் எழுதிய புத்தகம் கப்பலில் வந்து சேர்ந்தது. சகல வியாதிக்கும் காரணம் மெல்லாமல் விழுங்குவது. ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டும். மென்றால் உடம்பு தானாக இளைக்கும். இதுதான் சாரம். முதல் பதினொரு பக்கத்தை ராவ் சாகிபே படித்தார். மீதியை நான் படித்துச் சொன்னேன்.

மறுநாள் பகல் ஆஸ்பத்திரியைப் பார்வையிடப் போனோம். வார்டுக்குப் பின்னால் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் சாதம் கோபுரமாக இருந்தது. பார்க்கும்போதே அது குறைந்துகொண்டு வந்தது. ராவ் சாகிப் நின்றுவிட்டார்.

"யாரிவள்?" என்று ஹெட் நர்ஸ் ஹாஜிரா பீயைக் கேட்டார்.

"தேவானை, சாப். மூணாவது வருஷம். நல்ல வேலைக்காரி."

"ஒரு ஆளுக்கா இவ்வளவு சாதம்?"

"காலையிலேர்ந்து ஏழு பேஷன்டைத் தூக்கிப் படுக்க வச்சிருக்கா சாப். தனியாவே."

"தூக்கறதுக்கும் திங்கறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார் ராவ் சாகிப்.

அன்று மாலையே மயிலாப்பூரில் ராவ் சாகிப் புதிதாகக் கட்டியிருந்த பங்களாவில் சபை ஸ்தாபிக்கப்பட்டது. கேசரி, போண்டா, காப்பியுடன் மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, நர்ஸுகள் சபையின் முறைப்படி உண்ண வேண்டும். இரண்டு, நூற்றிருபது ராத்தலுக்கு, அதாவது பவுண்டுக்கு, மேல் எடையுள்ளவர் பரீட்சைக்கு அனுப்பப்பட மாட்டார். மூன்று, சபை அங்கத்தினர்களின் எடை சபையின் அதிகார எல்லைக்கு உட்பட்டதல்ல. மூன்றாவது தீர்மானத்தைப் பிரேரேபித்தவர் வாயில் போண்டா இருந்ததால் அதை நானே படிக்க வேண்டியிருந்தது.

தேவானையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரத்துக் குடிசைப் பெண். இருபத்திரண்டு வயதில் புருஷன் செத்துப்போனான். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. படிக்கும் நர்ஸுகள் ஆஸ்பத்திரி விடுதியில் தங்க வேண்டும், குழந்தை கூடாது என்பது விதி. ஆகையால் குழந்தை அக்காள் வீட்டில் வளர்ந்தது. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பரீட்சையில் தேறியவர்களுக்கு உத்தியோகமும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறையும் உண்டு. அந்த அறையில் குழந்தையை வைத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் மூன்று வருஷமாக அவள் கண்ட கண்ட பாத்திரத்தையெல்லாம் கழுவிக்கொண்டிருந்தாள். பரீட்சை ஏப்ரலில். இது ஜனவரி.

எடை பார்க்க ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகளை நிறுக்கும் தராசுதான் இருந்தது. அடுத்த தெருவில் விறகுத் தொட்டி வைத்து வியாபாரம் செய்த ஷாஹுல் ஹமீது தன்னுடைய மேடைத் தராசைப் பெரிய மனதுடன் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருடைய ஆட்கள் இருவர் அதைத் தூக்கிவந்து வராந்தாவில் வைப்பார்கள். பட்டையும் மரத்தூளுமாக இருந்த பலகை மேல் பதினோரு பெண்களும் ஒவ்வொருவராக ஏறி நின்றார்கள். மொத்தம் ஆயிரத்து இருநூற்று நாற்பது ராத்தல். தேவானை மட்டும் நூற்று முப்பத்துநாலு. ராவ் சாகிப் அவளை ஒரு சீர்கெட்ட ஜில்லாவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"காஞ்ச வெறகு எடை கொறைஞ்சா நல்லா எரியும் சார்," என்றார் ஷாஹுல் ஹமீது என்னிடம். "மனுசன் காஞ்சா இன்னா ஆவும்?"

விறகு வியாபாரிக்கு 'விஞ்ஞானம்' புரியாது என்று அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

இனி முறையைக் கேளுங்கள். நர்ஸுகளின் பகல் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம். மணி அடித்தால் உட்கார வேண்டும், மறுமணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும். இதைச் சபை மாற்றவில்லை. ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் தலையிட சபைக்கு அதிகாரம் கிடையாது. நிர்வாகத் தலைவரும் சபைத் தலைவரும் ஒருவரே என்றாலும், ராவ் சாகிப் இந்த விஷயத்தில் மிகவும் நியாயமானவர். எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். நான் முன்னால் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். முப்பத்திரண்டு எண்ணி முடிக்க ஒன்றேகால் நிமிஷம் ஆகும். ஒன்பது கவளம் முடிந்து பத்தாவதை எடுக்கும்போது மறுமணி அடிக்கும்.

சாப்பாடும் மாறியது. சாதம் பாதியாயிற்று. பச்சைக் கோஸும் ஆளுக்கு ஒரு சீமைத் தக்காளியும் சேர்ந்தன. அவற்றில் 'வைட்டமின்' இருப்பதாகச் சொல்லப்பட்டது. இரவில் கோதுமைக் கஞ்சி. நீர்ப் பண்டங்களையும் மெல்ல வேண்டும் என்று புத்தகத்தில் இருபதாம் பக்கத்தில் இருந்ததால், கஞ்சிக்கும் நான் எண்ணினேன்.

வெற்றிக்கு மேல் வெற்றி. முதல் மாதம் மொத்தத்தில் முப்பது ராத்தல் குறைந்தது. இரண்டாம் மாதம் எடை மட்டுமல்ல, நடத்தையும் சீர்பட்டது. முன்பெல்லாம் வார்டுக்கு வார்டு சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு ஓடிய பெண்கள் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார்கள். இந்த 'அடக்கத்தை'ச் சபை குறிப்பேட்டில் பதிவு செய்து மகிழ்ந்தது. தேவானை மாடிப்படியில் நடுவிலே உட்கார்ந்து எழுந்து போவதை நான் இரண்டு தடவை பார்த்தேன். அதைப் பதிவு செய்யவில்லை. ஹாஜிரா பீ தன் வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுவந்து கொடுத்தபோது தேவானையே வேண்டாமென்று சொல்லிவிட்டாள். நூற்றிருபதுக்கு இன்னும் நாலு ராத்தல் பாக்கி இருந்ததாம்.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் பலகை மேல் ஏறினாள். நூற்றுப் பதினெட்டு. சபையோர் கை தட்டினார்கள். அவள் இறங்கி என்னிடம் வந்து, "ரூம்பு கூடப் பாத்துட்டேன் சார். கெணத்தாண்ட கீதே, அதான். பாப்பாவ இட்டாந்துக்கலாம் இல்ல?" என்றாள். தாராளமாக என்றேன். அவள் கன்னத்து எலும்பு எனக்கு அன்றுதான் கண்ணில் பட்டது.

ராவ் சாகிப் இந்த வெற்றியை மேலிடத்துக்குக் காட்ட விரும்பினார். பட்டங்கள் விஷயத்தில் செல்வாக்குள்ள ஒரு துரைசானி ஆஸ்பத்திரிக்கு வர இசைந்தாள். இளைத்த நர்ஸுகள் ஒரு நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்திக் காட்டுவார்கள் என்று நிகழ்ச்சிநிரல் தயாராயிற்று. ஆனால் எந்த நோயாளியைக் காட்டுவது? ஒருத்தி இருமுகிறாள், ஒருத்திக்குத் தலையில் எண்ணெய் இல்லை, ஒருத்தி எதையாவது கேட்டுவிடுவாள் போலிருந்தது. ஆஸ்பத்திரியில் காட்டத் தகுந்த நோயாளி ஒருவருமில்லை என்ற முடிவுக்குச் சபை வந்தது.

"நானே படுத்துக்கறேன்," என்றார் ராவ் சாகிப். அந்தத் தியாகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

துரைசானி வந்த அன்று ராவ் சாகிப் ஜரிகை அங்கவஸ்திரத்தை மார்பு வரை போர்த்திக்கொண்டு, வாயில் தர்மாமீட்டருடன் படுத்திருந்தார். தேவானை தோள் பக்கம், இன்னொருத்தி கால் பக்கம். பழைய தேவானை என்றால் கால் பக்கத்துக்கு ஆளே வேண்டியிருந்திராது. நான் சைகை காட்டினேன். தூக்கினார்கள். ராவ் சாகிப் கட்டிலை விட்டுக் கிளம்பியது உண்மை. ஸ்ட்ரெச்சருக்குப் போய்ச் சேரவில்லை. தேவானையின் முகம் வெளுத்தது. அவள் ஒரு பக்கம் சாய, ராவ் சாகிப் இரண்டுக்கும் நடுவே இருந்த தரையில் விழுந்தார். தர்மாமீட்டர் நொறுங்கியது.

தலைவரைத் தூக்க சபை முழுவதும் சேர்ந்தும் முடியவில்லை. கடைசியில் ஷாஹுல் ஹமீதின் ஆட்கள் வந்து, வழக்கமாக மூட்டை தூக்குகிற மாதிரி ஒரு தம் பிடித்து, கைக்கு எட்டிய இடத்தில் இறக்கினார்கள். அது, துரைசானிக்குக் காட்டவென்று அன்றைக்கும் அவர்கள் தூக்கிவந்து வைத்திருந்த மேடைத் தராசு. துரைசானி கிட்டே வந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி மிகுந்த அனுதாபத்துடன் ஏதோ சொன்னாள்.

"என்னடா சொல்றா?" என்றார் ராவ் சாகிப் முனகிக்கொண்டே.

"இந்த நோயாளிக்கு நம்ம சிகிச்சை இன்னும் பலன் தரலை, விடாம பண்ணுங்கோங்கறா," என்று மொழிபெயர்த்தேன்.

விசாரணை மூன்று அமர்வுகள் நடந்தது. கட்டிலின் மேல் குற்றமா, தரையின் மேல் குற்றமா என்று முதல் இரண்டு அமர்வுகளில் ஆராய்ந்தோம். மூன்றாவதில், நர்ஸ் தொழிலுக்கு வேண்டிய தேக பலம் தேவானைக்கு இல்லை என்று கண்டுபிடிக்கப்பட்டது. பலமில்லாதவளை எப்படிப் பரீட்சைக்கு அனுப்புவது? படிப்பிலிருந்தே நீக்குவதென்று முடிவாயிற்று. ஹாஜிரா பீ எழுந்து நின்றாள். பதினாறு ராத்தலை எடுத்துக்கொண்டது நீங்கள், பலமும் அதோடு போயிற்று என்று கமிட்டி முகத்துக்கு நேரே சொன்னாள்.

"எடையைத்தானே குறைக்கச் சொன்னோம்? பலத்தைக் குறைக்கச் சொன்னோமா? தீர்மானத்துல எங்கயாவது இருக்கா, பாருடா," என்றார் ராவ் சாகிப்.

பார்த்தேன். இல்லை.

தேவானையைக் கூப்பிட்டு முடிவைப் படித்துக் காட்டினேன். அவள் அழவில்லை. கையிரண்டையும் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒரு மாசம் சோறு துன்னா பழையபடி ஆயிடுவேன் சார். அடுத்த பரீட்சைக்கு அனுப்புவீங்களா?"

"ஒரு மாசம் சாதம் சாப்பிட்டா நூற்றிருபதைத் தாண்டிடுவியேம்மா," என்றார் ராவ் சாகிப், குழந்தைக்குச் சொல்வதுபோல். "அப்புறம் எப்படி அனுப்பறது?"

அவள் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள். நடுவில் இருந்த போண்டாத் தட்டையும் பார்த்தாள்.

"எங்க பேட்டையிலயும் சோறு இல்லாம கெடந்துக்கினுதான் கீறோம் சார்," என்றாள். "அதுக்குன்னு யாரும் சபை வெச்சதில்ல."

தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். கிணற்றடி அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவளை நீக்கும் உத்தரவில் என் கையெழுத்துத்தான் இருந்தது. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. ஆனால் காரியதரிசியின் வெட்கத்தை நடவடிக்கைக் குறிப்பில் எழுதும் வழக்கம் இல்லை.

சபைக்கு வயது மூன்று மாதம்தான் என்றாலும், அதன் முதல் ஆண்டு அறிக்கையை அந்த வாரமே நான்தான் தயாரித்தேன். நீங்களும் கேட்டுப் பெருமைப்பட வேண்டும். சபை தொடங்கிய அன்று நர்ஸுகளின் மொத்த எடை 1,240 ராத்தல். இன்று 1,054. குறைந்தது 186 ராத்தல். கொட்டை எழுத்தில் அச்சடிக்கும்படி ராவ் சாகிப் உத்தரவிட்டார். துரைசானிக்கும் ஒரு பிரதி போயிற்று. பத்துப் பெண்கள் மூன்று மாதம் ஒன்பது கவளம் சாப்பிட்டுக் குறைத்தது ஐம்பத்திரண்டு ராத்தல்.

மீதி நூற்று முப்பத்துநாலு ராத்தலும் தேவானை.