கூய்ங் அண்ணனின் இசைத்தட்டு

பிள்ளைகளே, மைக் 'கூய்ங்' என்று அலறினால் உலகத்தில் எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். அந்த அலறலுக்குத் தலையாட்டித் தாளம் போடுகிற ஒரே மனிதர் எங்கள் கள்ளக்குறிச்சியில்தான் மைக் செட் கடை வைத்திருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் ரேஷன் கார்டுக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் கூய்ங் அண்ணன். பக்கத்தில் என் பஞ்சர் கடை. அதனால் என் காதில் பாதி அவருக்குச் சொந்தம்.

வடக்கனந்தலில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் ஸ்பீக்கர் வீறிட்டது. ஐயருக்கு மந்திரம் மறந்துபோனது.

"யோவ், அத்த நிறுத்துய்யா!" என்று கத்தினார் பெண்ணின் அப்பா.

"இருங்க மாமா, இப்பதான் சுதி சேருது!" என்றார் அண்ணன்.

இன்னொரு முறை இரங்கல் கூட்டம். எல்லாரும் எழுந்து மௌனமாக நிற்கும்போது மறுபடியும் கூய்ங். அடிக்க வந்தவர்களிடம் அண்ணன் பொறுமையாகக் கேட்டார்: "செத்தவருக்கும் கேக்க வேணாமா?"

இப்படிப்பட்டவருக்கு ஒரு கூட்டாளி கிடைத்தான். கல்வராயன் மலையில் சாமை விதைக்கிற சடையன். காட்டுப்பன்றி விரட்ட வாடகைக்கு ஸ்பீக்கர் கேட்டு வந்தான். மைக்கில் ஒருமுறை கத்திப் பார்த்தான். ஸ்பீக்கர் கிழிந்தது. அண்ணன் கோபப்படவில்லை, கட்டிப்பிடித்துக்கொண்டார். "உனுக்கு எதுக்குடா ஸ்பீக்கரு!"

இரைச்சலையே பாட்டாகப் போடும் ஒரு கம்பெனியைப் பெங்களூரில் அண்ணன் தேடிப் பிடித்தார். கம்பெனி என்றால் ஒரு அறை, இரண்டு பேர். அண்ணனும் அவர் ஸ்பீக்கர்களும் ஒரு குழு, சடையனும் பன்றி விரட்ட அவன் தட்டும் தகர டின்னும் ஒரு குழு. இரண்டு குழுவுக்கும் சேர்த்து ஒரே கறுப்பு இசைத்தட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் என்று ஏற்பாடு. முதல் பக்கம் தனக்குத்தான் என்று அண்ணன் மல்லுக்கு நின்றார். சடையன் சிரித்தான்.

"எந்தப் பக்கமா இருந்தா இன்னாண்ணே? எங்கம்மா ஒருவாட்டி கேக்கணும், அவ்ளோதான்."

இருவரும் பதிவு செய்து கொடுத்தார்கள். தட்டு வருவதற்குள் மழையில் மலைப்பாதையில் அவன் பைக் சறுக்கிவிட்டது. அவன் பிழைக்கவில்லை.

தட்டு வந்ததும் அண்ணன் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரைத் தேடி வாங்கி, ரிப்பேர் செய்து, சடையனின் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். அந்த அம்மா மலை பஸ்ஸில் வந்து இறங்கியது. அண்ணன் தட்டின்மேல் முள்ளை வைத்தார். தகரம் படபடவென்று அதிர்ந்தது. பின்னாலேயே சடையனின் அலறல்.

அம்மா அழும் என்று நினைத்தேன். அது எழுந்து வாசலுக்குப் போய், வாயருகே கை குவித்துக் கூவியது: "கேட்டுச்சுடா சாமீ! வந்துக்கினே இருக்கேன்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. தட்டில் சடையன் கத்திக்கொண்டே இருந்தான். அம்மா மறுபடியும் கூவியது. அவன் நிறுத்தவில்லை. அதன் முகம் வாடிவிட்டது.

"இன்னா தம்பி இது? பன்னி எறங்கினா காட்டுல இருந்து கத்துவான். நான் வூட்ல இருந்து குரல் குடுத்தா ஒடனே நிறுத்திடுவான். இப்ப அவனுக்குக் கேக்கலியா?"

அண்ணன் பிளேயர் அருகே குனிந்தார். "பஸ் சத்தத்துல கேட்டிருக்காதும்மா. இன்னொருவாட்டி கூப்புடுங்க."

அம்மா உயிரைக் கொடுத்துக் கூவியது. அந்தக் குரல் முடிந்த இடத்தில் அண்ணன் முள்ளைத் தூக்கினார்.

கடை அமைதியானது.

"கேட்டுட்டான்," என்று சொல்லிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் குடித்தது அந்த அம்மா.

கள்ளக்குறிச்சிக்கு வரும்போதெல்லாம் அது கடைக்கு வந்து கூவிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறது. தட்டு பிளேயரிலேயே இருக்கிறது, சடையன் பக்கம் மேலே.

"ஒன் பாட்ட ஒரு நாளாவது போடேண்ணே," என்று ஒருமுறை கேட்டேன்.

அண்ணன் துண்டால் தட்டின் தூசியை மெல்ல ஒற்றி எடுத்தார்.

"வேணாண்டா. திருப்பிப் போட்டா அவன் அடியில போயிடுவான்."